தாத்தா கூடையில் வாங்கிய பருத்தி

போன வாரம் போர்டுக் கடைக்காரரிடமிருந்து போன் மேல் போன். “அங்கிள், எழுத்து ஓகேவா? பிரிண்ட் போடணும், சீக்கிரம் சொல்லுங்க லா.”

பொறுங்கள் தம்பி என்றேன். அந்த போர்டில் ஒரு வரியில் என் மானம் மாட்டிக்கொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

விஷயம் இதுதான். கிள்ளானில் என் ஜவுளிக்கடையை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தீபாவளி சமயத்தில் அந்தப் பக்கம் கார் ஓட்டிப் பாருங்கள்... என் வாடிக்கையாளர்கள் போட்ட பார்க்கிங்கில் மாட்டி நகர முடியாமல் நிற்கும்போது தெரிந்துகொள்வீர்கள். இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளை. என் மகள் பவானி நடத்தப்போகிறாள். கடைப் பெயருக்குக் கீழே ‘பரம்பரைப் பருத்தி வியாபாரிகள்’ என்று போடச் சொல்லியிருந்தேன்.

ஏன் போடக்கூடாது? ‘உங்க தாத்தா ஊர்ல பருத்தி வியாபாரம் பண்ணவரு’ என்று அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அவர் சொன்னது அந்த ஒரு வரிதான். மாட்டு வண்டி, குடோன், கணக்குப்பிள்ளை எல்லாம் நான் சேர்த்தது. நல்ல சரக்கென்றாலும் பேக்கிங் வேண்டாமா?

அந்த பேக்கிங்கை அப்படியே நம்பியவர் என் சம்பந்தி, பவானியின் மாமனார். ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கிறார். ரிட்டயர்ட் வாத்தியார். வாத்தியார் நம்பிவிட்டுச் சும்மா இருப்பாரா? எங்கள் பூர்வீகம் விருதுநகர்ப் பக்கம். அங்கே இருக்கும் தன் சொந்தக்காரரைப் பிடித்து, பழைய பருத்தி மண்டிக்காரர்களிடம் எல்லாம் என் தாத்தா பெயரைச் சொல்லி விசாரிக்க வைத்திருக்கிறார். நல்ல எண்ணம்தான். மருமகள் கடைத் திறப்பில் அதைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம் என்று.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே ரொம்ப மெதுவாகச் சொன்னார் — அந்தப் பெயரில் ஒரு மண்டிக்காரரும் இருந்ததில்லையாம். ஒருவேளை வேறு ஊரோ என்று அவரே சமாதானமும் சொன்னார். வாத்தியார்கள் ஃபெயில் போட்டாலும் அன்பாகத்தான் போடுவார்கள்.

அவர் போனதும் பவானி பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, ஒத்த சைக்கிள்ல துணி வித்து நானே மேல வந்தேன்னு இத்தனை வருஷமா சொன்னீங்க. இப்ப பரம்பரைங்கிறீங்க. ரெண்டுல எது? பொய்னா அந்த வரி வேணாம். என் கடை வாசல்ல பொய் தொங்கக்கூடாது.”

பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறவனிடம் இப்படிப் பேசலாமா? பேசினாள். யார் மகள்!

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆராய்ச்சி எல்லாம் தெரியாது. ஆனால் சரக்கைப் பற்றித் தெரியவேண்டுமென்றால் அது வந்த இடத்தில் கேட்கவேண்டும் என்று தெரியும். மறுநாளே பவானியைக் காரில் ஏற்றிக்கொண்டு சாலாக் செலாத்தானுக்குப் போனேன். அங்கே என் அத்தை இருக்கிறார். அப்பாவின் கடைசித் தங்கை. சின்னப் பிள்ளையாக அப்பாவோடு கப்பலேறி வந்தவர். காது கொஞ்சம் மந்தம். வாய் மந்தமே இல்லை.

தாத்தாவின் குடோன் எந்தத் தெருவில் இருந்தது என்று ஆரம்பித்தேன். அத்தை சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று விழுந்துவிடுமோ என்று பயந்துபோனேன்.

“குடோனா? எங்கப்பா என்ன பெரிய முதலாளியா, தவுக்கேயாடா? தலையில கூடை வச்சிருந்தாரு, கூடை.”

அப்புறம் விவரமாகச் சொன்னார். பருத்தி எடுக்கிற காலத்தில் அந்தப் பக்கம் பெண்களுக்குக் கூலி காசாகக் கிடைக்காதாம். எடுத்த பருத்தியிலேயே ஒரு பங்கு. தாத்தா காராச்சேவும் கருப்பட்டி மிட்டாயும் கூடையில் சுமந்துகொண்டு பருத்திக்காட்டு ஓரத்தில் போய் நிற்பாராம். வேலை முடிந்து பசியோடு வருகிற பெண்கள் மடியிலிருந்து பருத்தியை அள்ளிப் போடுவார்கள். அதற்கு ஈடாகத் தின்பண்டம். பொழுது சாயும்போது கூடை காலி, சாக்கு நிறைந்திருக்கும். அந்தச் சாக்கைக் கொண்டுபோய் மண்டியில் விற்பாராம்.

எனக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் போய்விட்டது. பவானி என் பக்கமே திரும்பவில்லை. அத்தை விடவில்லை.

“உன் கிள்ளான் கடை தொறந்தப்ப முதல் போணி யாருடா?”

“நீங்கதான் அத்தை.”

“காசா குடுத்தேன்?”

இல்லை. ஒரு பொட்டலம் உப்புக் கொடுத்துவிட்டு ஒரு துண்டு வாங்கிப் போனார். எங்கள் வீட்டு வழக்கம் அது. எந்தக் கடை திறந்தாலும் முதல் போணிக்குக் காசு வாங்கக்கூடாது. வருகிறவர் கையில் இருக்கிற பொருளைத்தான் வாங்கவேண்டும். அப்பா இதில் ரொம்பக் கண்டிப்பு. ஏதோ சாமிக்கு நேர்ந்துகொண்டது என்று நினைத்து நானும் செய்துவந்தேன். கிள்ளானில் வேறு எந்தக் கடையிலும் இதைப் பார்த்ததில்லை.

“சாமியும் இல்ல, பூதமும் இல்ல. எங்கப்பா செஞ்ச வியாபாரம்டா அது. உங்கப்பன் மறக்கல.”

பவானி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கூடை எப்படி இருக்கும் என்று கேட்டாள். திரும்பி வரும்போது காரிலிருந்தே போர்டுக் கடைக்காரரைக் கூப்பிட்டாள். அந்த வரி அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு கூடைப் படம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

ரெண்டில் எது என்று கேட்டாளே... ரெண்டும்தான்! தாத்தா நடந்து விற்றார், நான் மிதித்து விற்றேன். சொத்து வந்தால்தான் பரம்பரையா? கால்வலி வந்தால் ஆகாதா? நம் ஆட்களுக்கு, தாத்தாவைத் தேடிப் போனால் ஒரு ஜமீன்தாராவது கிடைக்கவேண்டும். எல்லோர் தாத்தாவும் ஜமீன்தார் என்றால், எஸ்டேட் கூலி லயத்தில் இருந்தது யாருங்க?

வெள்ளிக்கிழமை கடை திறந்தோம். கூடைக் கதையை சம்பந்தியிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். முதல் போணிக்கு அவரே முன்னால் வந்தார். பழக்கதோஷம், பர்ஸை எடுத்தார். பவானி “மாமா, காசு வேணாம்” என்றதும், கோயிலுக்கு என்று வாங்கி வைத்திருந்த வாழைப்பழச் சீப்பை நீட்டினார். ஒரு பட்டு வேட்டி வாங்கிக்கொண்டார். ஸ்கூலில் பரிசு வாங்கிய பையன் மாதிரி அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது பார்க்கிறவர்களிடம் எல்லாம் ‘எங்க சம்பந்தி வீடு பரம்பரைப் பருத்தி வியாபாரிங்க, பெரிய பெரிய மண்டிக்கே அவங்கதான் சப்ளை’ என்று சொல்கிறாராம். காராச்சேவைப் பற்றி மூச்சே இல்லையாம்.

திருத்தலாம்தான். ஆனால் இலவசமாக வருகிற விளம்பரத்தை வேண்டாம் என்று சொல்ல, நான் என்ன அவ்வளவு படித்தவனா?