ஜீப்பில் ஒரு சொந்தக்காரர்

போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் ஜீப்பு நிற்கிறது. உள்ளே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து புளிச்சோற்றைப் பங்கு வைக்கிறார்கள். என் பக்கத்தில் இருக்கும் ஆராய்ச்சியாளர், ரத்தச் சொந்தத்துக்கு மட்டுமே பகிரும்படி பரிணமித்தவன் மனிதன் என்று போடியிலிருந்தே கழுத்தறுக்கிறார்.

“இவங்கல்லாம் உங்களுக்குச் சொந்தமா?” என்று ஒருத்தியிடம் கேட்கிறார்.

“ஆமா, இவ மதினி, அவுக அத்தை, அந்தா இருக்கறது சின்னம்மா.”

அவர் முகத்தில் வெற்றிக்களை.

“நீங்களும் கைய நீட்டுங்கண்ணே, சோறு கெடக்கு.”

ஒரே நொடியில் அண்ணனாகிவிட்டவர் கையை நீட்டுகிறார். வாய் நிறையச் சோற்றோடு பரிணாமத்தைத் தொடர்கிறார். வழியெல்லாம் தனியாகக் கொறித்துவந்த முந்திரிப் பொட்டலத்தை மெல்லப் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்து மூடுகிறார்.

அவர் சொல்லும் அந்த மனிதன் இந்த ஜீப்பில் ஒருவன்தான் இருக்கிறான்.