கால் சுற்றுக்கு மேல் முறுக்காதீர்கள்

முத்துலட்சுமி, உன் பேரைச் சொல்லாமல் இதை என்னால் தொடங்க முடியவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் நீ எப்போதும் போலச் சிரித்துக்கொள்.

1. முதல் நட்டு

சிவகாசியில் மிட்டாய்க் கவர் அச்சடிக்கிற கம்பெனி ஒன்றில் நான் லேப் ஹெல்பர். அச்சடித்த கவரில் இங்க் சால்வென்ட் மிச்சம் இருக்கிறதா என்று ஜி.சி. என்கிற கேஸ் குரோமடோகிராஃப் மெஷினில் பார்ப்போம். அந்த மெஷினின் சூடான பெட்டிக்குள் தலைமுடி போல மெல்லிய குழாய் ஒன்று சுருண்டிருக்கும். அதை மாட்ட ஒரு ஸ்டீல் நட்டு. நட்டுக்குள் மிளகு அளவில் ஒரு கரி வளையம். அதற்கு ஃபெரூல் என்று பேர். குழாயில் ஓடுகிற கேஸ் கசியாமல் பிடிப்பது அதுதான். பென்சில் கரி மாதிரி மெத்தென்று இருக்கும்.

கையால் இறுகும் வரை முறுக்கி, பிறகு ஸ்பேனரில் கால் சுற்று. அவ்வளவுதான். நான் கசிந்துவிடுமோ என்று பயந்து முழுச் சுற்று முறுக்கினேன். அடுத்த முறை கழற்றினால் ஃபெரூல் நசுங்கி நட்டோடு ஒட்டிக்கிடந்தது.

லேப் இன்சார்ஜ் சார் பார்த்தார். "ஏம்மா, இத நட்டுன்னு நெனச்சியா, கெணத்து மோட்டாருன்னு நெனச்சியா?"

ஃபெரூலை வெளியே எடுக்க நான் சேப்டி பின்னால் குத்தினேன். என்னோடு லேப்பில் வேலை பார்த்த முத்து, பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவள், ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஏடி, இரும்ப வச்சுக் குத்தாத!"

"இது என்ன வெடியாடி, வெடிக்கதுக்கு?"

"எது இறுகிக் கெடந்தாலும் இரும்பு ஆகாது. எங்கம்மா சொல்லும்."

அவள் அம்மாவுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. திரி சொருக வெடியில் துளை போடுவது. உரசினால் பொறி பறக்கும் என்று அங்கே இரும்பு உள்ளே போகக் கூடாது. அதற்காக வைத்திருந்த பித்தளை ஊசி, அம்மா கால் வீங்கி வீட்டில் இருந்ததால் முத்துவின் சாப்பாட்டுப் பையில் கிடந்தது. நட்டின் பின்பக்கத் துளையில் அதை விட்டு மெதுவாகத் தள்ளினாள். ஃபெரூல் முழுசாக மேசையில் விழுந்தது.

சார் நட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "கீறலே இல்ல. ஸ்டீல் பின்ன வச்சுச் சொரண்டினா உள்ள கீறிரும். அப்புறம் எம்புட்டு முறுக்கினாலும் லீக்குதான். அந்தப் பிள்ள செய்யிற மாதிரி செய்."

அன்றிலிருந்து அந்த ஊசி லேப் ஊசி ஆகிவிட்டது.

2. வெள்ளிக்கிழமை

பட்டாசு சீசன் நேரம். முத்துவின் அம்மாவுக்குக் கால் ஆறவில்லை. சீசனில் ஆள் போகாவிட்டால் பட்டாசு ரூமில் உட்காரும் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் அம்மா இடத்தில் மகள் ஒரு வாரம் போவதாகப் பேச்சு.

"ஊசியக் கொடுடி. திங்கக்கெழம அம்மா எடத்துல நான் போறேன்."

அன்று சார் வெளியூர். மறுநாள் காலையில் பெரிய லோடு. ரிப்போர்ட் இல்லாமல் லாரி கிளம்பாது. தனியாக இருந்த பயத்தில் காலையில் நட்டை மறுபடியும் முழுச் சுற்று முறுக்கித் தொலைத்திருந்தேன். ஃபெரூல் பாதி உடைந்து உள்ளே நின்றது.

"நட்டு இறுகிக் கெடக்குடி. இன்னைக்கு இருக்கட்டும். திங்கக்கெழம வேன் ஸ்டாப்புல தாரேன்."

"மறந்த, கொன்னுருவேன்" என்று சிரித்தாள்.

3. திங்கட்கிழமை

மறந்துவிட்டேன். எங்கள் வேனும் பட்டாசுக் கம்பெனி வேனும் ஒரே ஸ்டாப்பில்தான் நிற்கும். கையை நீட்டினாள்.

"ஐயோ, லேப் டிராயர்லயே கெடக்குடி."

"நீயெல்லாம் ஒரு ஆளு! சரி விடு. அங்கன எவகிட்டயாச்சும் எதையாச்சும் வாங்கிக்கிடுதேன். சாயங்காலமாவது கொடு, அம்மா என்னத்தான் வையும்."

பதினொரு மணி இருக்கும். லேப் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. இந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் என்ன என்று கேட்பதில்லை. எங்கே என்றுதான் கேட்பார்கள். எல்லாரும் போனை எடுத்தார்கள். நான் முத்து நம்பருக்குப் போட்டேன். ரிங் போகவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கொலுசை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். அந்த ரூமில் இருந்த நாலு பேரும் போய்விட்டார்கள்.

4. ஊசி

உராய்வு என்று சிலர் சொன்னார்கள். வெயில் என்று சிலர். யாருக்கும் தெரியாது. அவள் கையில் அன்றைக்கு என்ன இருந்தது என்பது மட்டும் என்னைத் தூங்க விடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஊசியை எடுத்துக்கொண்டு போய் அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன கருப்பு? வெடி மருந்தா?"

"இல்ல பெரியம்மா. எங்க மெஷின் கரி."

முந்தானையால் அதைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"எவ கையில என்ன இருந்துச்சுன்னு சொல்ல ஒருத்தியும் மிஞ்சலயே. அது என் எடம்டி. நான் உக்காந்திருக்க வேண்டிய எடம்."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். ஊசியை என் கையில் வைத்து மூடினார். "கொண்டு போ. இனி இந்த வீட்டுல இருந்து எவளும் அங்கன போமாட்டா."

5. புதிதாக வருகிறவர்களுக்கு

பெட்டி ஆறிய பிறகே நட்டில் கை வையுங்கள். ஃபெரூல் ஒட்டினால் பின்பக்கமிருந்து பித்தளையால் மெதுவாகத் தள்ளுங்கள். உடைந்த கரித்தூளை ஊதித் தள்ளிவிட்டு, புது ஃபெரூல் போடுங்கள். பழையதை மறுபடி போடாதீர்கள். ஆனால் ஒட்டவே விடாமல் இருப்பதுதான் வேலை. கையிறுக்கம், கால் சுற்று. கசிந்தால் இன்னும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கி நசுக்கியதைத் திருப்ப முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை நான் கால் சுற்றோடு நிறுத்தியிருந்தால் நட்டு ஒட்டியிருக்காது. ஒட்டாவிட்டால் ஊசி அவள் கைக்குப் போயிருக்கும். அப்படிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் தினமும் நட்டை முறுக்குகிறேன்.

அவள் பேர் முத்துலட்சுமி. இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, அவளுக்காகவும் அந்த ரூமில் இருந்த மற்ற மூன்று பேருக்காகவும் ஒரு நிமிஷம் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.