அண்ணையின் பைப் ஏன் சுட்டது

மீன்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாசல் படலையடியில் விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியை நிறுத்தாமல், "ரீச்சர், கப்பல்காரர் விடியப்புறம் மோசம் போயிட்டாராம்" என்றார்.

"விசர்க்கதை கதையாதையும். நேற்றுப் பின்னேரம் இதிலைதானே இருந்தவர்" என்று சினந்தேன். அவர் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தபோதுதான் அண்ணை செத்துப்போனதை நம்பினேன்.

பருத்தித்துறையில் சிவஞானம் அண்ணையை அறிந்த உங்களுக்கு அவர் கப்பல் எஞ்சினியர், வாயில் புகையிலைப் பைப்போடு திரிந்த மனிதர். எனக்கு அயல்வீட்டுக்காரர். நான் இரசாயனவியல் படிப்பித்து இளைப்பாறியவள், தனி ஆள். மனைவி இறந்து, பிள்ளைகளும் கனடாவில் இருக்க, அவரும் தனி ஆளான பிறகுதான் எங்கள் பழக்கம் தொடங்கியது. அதுவும் ஒரு முறைப்பாட்டோடு.

"ரீச்சர், நீங்கள் கெமிஸ்ட்ரிதானே? உந்தப் பைப் இவ்வளவு காலமும் சுடேல்லை. இப்ப ஏன் நாக்கைப் பொசுக்குது?"

எனக்குப் புகை மணமே ஆகாது. "சனியனைத் தூக்கி எறியுங்கோ" என்றேன். ஆனால் கேள்வி என்று ஒன்று வந்தால் என்னால் விட முடியாது. ஈரப் புகையிலையிலிருந்து வரும் நீராவி நாக்கை அவிக்கும் என்று, வெயிலில் காயவைக்கச் சொன்னேன். புகையிலை அடைக்கும் கிண்ணம் மெல்லியதென்றால் சூட்டைத் தாங்காது என்று, தடித்த பைப்பை எடுக்கச் சொன்னேன். இறுக்கி அடைத்தால் பலமாக இழுக்கவேண்டி வரும். தளர்த்தி அடைத்தும் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. "உங்கடை சயன்ஸ் பள்ளிக்கூடத்துக்குத்தான் சரி" என்று நக்கலடித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ரை கண்ணுக்கு முன்னாலை பத்திக் காட்டுங்கோ பாப்பம்" என்றேன்.

முற்றத்தில் கதிரை போட்டு இருந்து பத்தினார். அதே பைப், அதே புகையிலை. சுயஸ் கால்வாயைப் பற்றி ஏதோ சொன்னார். நான் பிழை என்றேன். அவர் என்னோடு சண்டைக்கு வந்தார். அதற்குள் பைப் நெருப்பணைந்து நூர்ந்துவிட்டது. மறுபடி பற்றவைத்தார், மறுபடி சண்டை, மறுபடி நூர்ந்தது. பொழுதுபட்டபோது நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தார்.

"பாத்தியளே, இஞ்சை சுடேல்லை!"

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அவர் வீட்டில் குறுக்கே பேச ஆளில்லை. விடாமல் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நெருப்பு ஆறுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. தேநீர் ஊற்ற எழுந்தேன். அவரே பைப்பைப் பார்த்துவிட்டு, "ஓம். அவ இருக்கேக்கை இது அரைவாசி நேரம் நூந்துதான் கிடக்கும்" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வந்தார். ஊர் கதைத்தது. "கதைக்கட்டும் ரீச்சர், அவைக்கும் பொழுது போகவேணுமே" என்று சிரித்தார். அரசியலோ, கோயில் நிர்வாகமோ, கறிக்குப் புளி விடும் பக்குவமோ, எதிலும் நாங்கள் ஒத்துப்போனதில்லை. என் வாழ்நாளில் நான் இவ்வளவு சந்தோசமாகக் கோபப்பட்டதும் இல்லை.

செத்தவீட்டுக்கு வந்த மகன், "ஒண்டை ஞாபகத்துக்கு வைச்சிருங்கோ அன்ரி" என்று பைப்புகளை நீட்டினார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த மனிதரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது மறுத்துப் பேசும் பழக்கம் ஒன்றுதான். அதை இனி யாரிடம் காட்டுவது?

நேற்றுப் பின்னேரம் தேநீர் ஊற்றினேன். முன்பெல்லாம் சண்டைக்குள் அது ஆறி, ஆடை படர்ந்துவிடும். நேற்று ஊற்றிய சூட்டிலேயே குடித்து முடித்துவிட்டேன். நாக்கு வெந்துபோயிற்று, அண்ணை.