எப்சிபா அக்காவிடம் நான் கேட்காமல் விட்டது

செய்தி வந்தபோது ரேணிகுண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறைக் கட்டடத்தின் கூரைமேல் நின்றிருந்தேன். கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். சலோமி டீச்சர் போன் செய்தார். எப்சிபா அக்காவின் தங்கை அவர். “ரத்தினம், அக்கா போயிட்டா” என்றார். சில நாட்களாகவே எதிர்பார்த்த செய்திதான். இருந்தும் “எங்க?” என்று கேட்டேன். என்ன கேள்வி அது. டீச்சர் அழுதார். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு “ஏமைந்தி சார்?” என்று தெலுங்கில் என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். ஆரம்பித்த கான்கிரீட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. கடைசிச் சட்டி விழும்வரை, மூன்று மணி நேரம், அங்கேயே நின்றேன். சித்தூர் போய்ச் சேர்ந்தபோது என் செருப்பில் சிமெண்ட் காய்ந்திருந்தது. அதைப் பார்த்துதான் அக்காவின் சர்ச் சபை மக்கள் எனக்கு வழிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இதைப் படிக்கிற பலருக்கு அக்காவைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கட்டடங்களை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட். நான் தூண், உத்தரம், கம்பி கணக்குப் போடுகிற இன்ஜினியர். சித்தூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு மேசை போட்டு இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வேலை செய்தோம். என்னைவிட ஆறு வயது பெரியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று தலைமுறையாக மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். நான் நகரிப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. கோயிலுக்குப் போகிறவன். எங்களுக்குள் இதெல்லாம் ஒரு பேச்சாகவே வந்ததில்லை. சண்டை போட வேறு நிறைய விஷயம் இருந்தது.

முதல் சண்டையே அவர் கேட்கும் கேள்வியைப் பற்றித்தான். வீடு கட்ட வருகிறவரிடம் எத்தனை ரூம் வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டுமா என்று கேட்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. அக்கா அதையெல்லாம் கேட்க மாட்டார். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “நேத்து காலைல எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் இன்னா இன்னா செஞ்சீங்க, சொல்லுங்க” என்பார். தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கில். வந்தவர் திகைத்துப்போய் என்னைப் பார்ப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர்கள் போன பிறகு, “இன்னாக்கா இது, போலீஸ் ஸ்டேஷனா?” என்று கத்தினேன். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார்: “தினமும் இன்னா செய்வீங்கன்னு கேட்டா ஜனங்க நல்லவங்களா ஆயிடறாங்க ரத்தினம். நேத்து இன்னா செஞ்சீங்கன்னு கேட்டாத்தான் மனுஷங்களா இருக்காங்க.”

சொன்னதை எல்லாம் எழுதி, ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்கே போவார். எழுதியதை அவர்களுக்கே கதையாகச் சொல்லிக் காட்டுவார். “ஒரு ஊர்ல ஒரு அம்மா, அஞ்சரைக்கு எழுந்தாங்க, பால் வரல...” என்று ஆரம்பிப்பார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு, “இல்லம்மா, அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்குது” என்று யாராவது திருத்துவார்கள். அந்தத் திருத்தத்துக்காகத்தான் அவர் போனதே. “மொத தரம் சொல்றது விருந்தாளிக்கு. ரெண்டாவது தரம் சொல்றதுல இருந்துதான் வீடு கட்ட முடியும்” என்பார். அது உண்மை என்று எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

புரிந்தது பாகாலாவில். அங்கே ஒரு ரயில் டிரைவர் குடும்பம். முதல் தரம் அந்த மனுஷர் மட்டும் பேசினார். வீட்டு அம்மா காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் சொன்னதை வைத்து நான் ஒரு பிளான் போட்டுவிட்டேன், நன்றாகவே இருந்தது. இரண்டாவது தரம் அக்கா கதை சொன்னபோது, அந்த அம்மா கதவருகில் நின்றபடி, “மிக்சி கதை வர்லியே” என்றார். என்ன மிக்சி என்றோம். கணவர் ராத்திரி வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறார். அவர் எழுந்துவிடக் கூடாது என்று இந்த அம்மா பதினோரு வருஷமாக மிக்சியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சட்னி அரைக்கிறார். கணவருக்கு அது தெரியாது. “எனக்குச் சொல்லவே இல்லியே நீ” என்றார் அவர். “தூங்கிக்கினு இருக்கிற ஆளுகிட்ட எப்பிடி சொல்றது” என்றார் அந்த அம்மா. அன்று என் பிளானைக் கிழித்தேன். சமையலறை வீட்டின் ஒரு கோடிக்கும் படுக்கையறை மறு கோடிக்கும் போயின. நடுவில் இரண்டு சுவர் எழுப்பினோம்.

திருப்பதியில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஒரு விடுதி கட்டினோம். அதன் பழைய கட்டடத்தில் இருந்த பெண்களிடம், நேற்று போனில் எங்கே உட்கார்ந்து பேசினீர்கள் என்று கேட்டார் அக்கா. ரூமில்தான் என்றார்கள். இரண்டாவது தரம் போனபோது ஒரு பெண் மெதுவாக, “படிக்கட்டுலக்கா” என்றாள். அக்கா உடனே மாடிப்படி திரும்புகிற இடங்களை எல்லாம் அகலமாக்கி, ஒவ்வொன்றிலும் ஜன்னலும் உட்கார ஒரு மேடையும் வரைந்தார். அகலமாக்கினால் உத்தரம் மாற வேண்டும். கணக்கு முழுவதும் எனக்கு மறுபடியும் முதலிலிருந்து. கத்தினேன். “நாலு பேர் இருக்கிற ரூம்ல அழ முடியாது ரத்தினம்” என்றார். அப்புறம் உட்கார்ந்து கணக்கைப் போட்டேன். அன்று திரும்பி வரும்போது காரில் சொன்னார்: “ஜனங்க அவங்க நாள்ல ரெண்டு விஷயத்தை ஒளிச்சு வெச்சிடுவாங்க. அழுறதையும், பாத்ரூம் போறதையும். அதை நாமதான் கேக்கணும். வெக்கப்பட்டா இந்த வேலைக்கு ஆகாது.”

அவரைத் தேவதையாக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. எந்த வரைபடத்தையும் சொன்ன நாளில் கொடுத்ததில்லை. அளவு எழுத மறந்துவிடுவார். இரண்டு மணி நேரம் கதை சொன்ன ஒருவர் வேறு ஆளிடம் வேலையைக் கொடுத்துவிட்டார். நான் கொதித்துப்போனேன். “நல்ல கதை இல்ல? விடு” என்றார். அந்த மனுஷர் சொன்ன கதையில் வந்த மாமியாரைப் பற்றி ஒரு வாரம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் திருப்பதியில் இருந்து திரும்பும்போது, வழக்கம்போல் சந்திரகிரியில் டீக்கடை அருகே வண்டியை நிறுத்தினேன். “ஒரு போண்டா துன்னுட்டுப் போலாம்” என்று எப்போதும் அவர்தான் முதலில் இறங்குவார். அன்று இறங்கவில்லை. குனிந்து பார்த்தேன். பாதம் வீங்கி, செருப்புக்குள் போகவில்லை. “மூணு மாசமா இப்பிடித்தான்” என்றார். ஆபீசில் பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்திருந்த நான் மூன்று மாதம் அதைப் பார்க்கவில்லை. இதயம் பலவீனமாகிவிட்டது என்றார் டாக்டர். அதற்குப் பிறகு மாடி ஏறவில்லை. சித்தூரில் அவரும் சலோமி டீச்சரும் இருந்த வீட்டோடு நின்றுவிட்டார்.

ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார். “எனக்கு ஒரு ரூம் பண்ணிக் குடு. ஆனா கதை கேட்டுத்தான் பண்ணணும். நான் பார்ட்டி, நீ ஆர்க்கிடெக்ட். கேளு” என்றார். நோட்டைப் பிரித்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை, எப்போதும் அவர்தான் கேட்பார். “நேத்து காலைல எழுந்ததுல இருந்து சொல்லுங்கக்கா” என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் சொன்னார். பால்காரர் யாருடனோ தெலுங்கில் பேசும் குரல், எதிர் ஸ்கூலில் பிள்ளைகளின் பிரேயர், பதினோரு மணிக்குத் தெருவில் வரும் கீரைக்காரம்மா. இதெல்லாம் படுத்தபடி காதில் மட்டும் விழுகின்றன, கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். எட்டுப் பக்கம் எழுதினேன். கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு, “பாத்ரூம்?” என்றேன். “காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். சலோமி கூட வருவா. அது ஒண்ணும் கஷ்டம் இல்ல” என்றார்.

கட்டில் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இருந்தது, அதனருகில் ஒரு மாத்திரை அட்டை. நீர் போவதற்கான மாத்திரை. என் அம்மாவும் அதைத்தான் சாப்பிட்டார். அதைப் போட்டால் ஒரு நாளில் எத்தனை தரம் எழுந்து போக வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்கா சொன்னது பொய் என்று அந்த நிமிஷமே தெரிந்தது. நோட்டை மூடிவிட்டேன். அவர் பெண், பெரியவர், என் அக்கா மாதிரி. மேற்கொண்டு எப்படிக் கேட்பது. ஒரு வாரம் கழித்து இரண்டாவது தரம் போக வேண்டும். ரேணிகுண்டாவில் வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போகாமல் விட்டேன்.

அந்த வீட்டில் கழிப்பறை பின்கட்டில் இருக்கிறது. நான் செய்தது இதுதான். தெருப்பக்கத்து அறையில் ஜன்னலைக் கீழே இறக்கி, படுத்திருந்தாலே தெரு தெரியும்படி ஆக்கி, உள்ளறையில் கிடந்த கட்டிலை அங்கே போட்டேன். ஒன்பது நாளில் முடித்தேன். முதல் நாள் படுத்துப் பார்த்துவிட்டு, “அதோ கீரைக்காரம்மா, நான் நெனச்சதை விட ஒல்லியா இருக்காங்க” என்றார். அவ்வளவு சந்தோஷம். நானும் பெருமையோடு வீடு திரும்பினேன். அந்த அறையின் ஒரு மூலையிலேயே சின்னக் கழிப்பறை ஒன்று கட்டியிருக்கலாம். தண்ணீர்க் குழாய் பக்கத்துச் சுவரில்தான் போகிறது. எனக்கு அது ஒரு வார வேலை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதியம், டீச்சர் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார். அக்கா தனியாக எழுந்து பின்கட்டுக்கு நடந்தார். நடையில் ஒரு படி இறங்க வேண்டும். அங்கே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷனை இதயம் தாங்காது என்றார்கள். கட்டிலில் இருந்து கழிப்பறைக்குப் பத்தொன்பது அடி எடுத்து வைக்க வேண்டும், நடுவில் ஒரு படி. இதை நான் அவர் விழுந்த பிறகுதான் அளந்தேன். அளப்பதையே தொழிலாக வைத்திருப்பவன்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். “உன் மேல தப்பு இல்ல. நான் பொய் சொல்லிட்டேன், நான் சொன்னதை வெச்சுத்தான் நீ கட்டின” என்றார். அப்படியே தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். முடியவில்லை. “பொய்னு எனக்கு அப்பவே தெரியும்க்கா” என்றேன்.

என்னையே பார்த்தார். “தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

அவர் காலடியில் போர்வையைச் சரிசெய்தேன்.

“வெக்கமா?”

“ஆமாக்கா.”

“எனக்கும்தான்” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டுக்கினு சுத்துனோம் பாரு, நாம ரெண்டு பேரும்.” அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அதிகமில்லை, மூச்சு வாங்கியது. விழுந்த இருபத்து மூன்றாவது நாள் போய்விட்டார்.

அடக்க ஆராதனையில் சபைப் போதகரான ஐயர் என் பேரைச் சொன்னார். நம் சகோதரியின் கடைசி நாட்களில் அவருக்கு ஒரு ஜன்னல் திறந்து கொடுத்த சகோதரர் என்றார். வெளியே வந்த பிறகு எத்தனையோ பேர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். உங்களில் சிலரும் சொன்னீர்கள். நான் வாங்கிக்கொண்டேன். அதை வாங்க எனக்கு உரிமை இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஜன்னல் நல்ல ஜன்னல்தான். அவரைக் கொன்றது அந்தக் கட்டில் கிடந்த இடம். அதைத் தெரிந்தே அங்கே போட்டவன் நான். இப்படிச் சொல்லாதே என்று என் மனைவி சொல்கிறாள். வேறெப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் சலோமி டீச்சர் வீட்டுக்குப் போனேன். எழுபதை நெருங்கும் அவர் இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். தெருப்பக்கத்து அறையில் அதே கட்டிலில்தான் படுக்கிறார். அந்த மூலையில் கழிப்பறை கட்டப் போகிறேன் என்றேன். “எனக்கு இன்னா, நல்லாத்தானே நடந்துக்கினு இருக்கேன். இப்ப எதுக்குப்பா” என்றார். நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டேன். தரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தே கேட்டேன்.

“டீச்சர், நேத்து எத்தனை தரம் பாத்ரூம் போனீங்க?”

முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். “ரெண்டு தரம்” என்றார். காத்திருந்தேன். மறுபடியும் கேட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது.

“ஆறு” என்றார். “அக்காவும் ஆறு தரம் போவா. என்னை எழுப்ப மாட்டா.”

எழுதிக்கொண்டேன். அக்காவிடம் இருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த இரண்டாவது தரம் கேட்பதுதான். அவரிடம் மட்டும் அதை நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார்.