இடுப்பில் எழுதிய அக்கி

உலகச் சண்டை முடிந்து என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஆண்டிமடம் திரும்பினார். மூன்றாம் வாரம் எனக்கு மறைவிடத்தில் ஊறல், பிறகு எரிச்சல், அப்புறம் கொத்தாகக் கொப்புளங்கள். சிறுநீர் கழிக்கும்போது உயிர் போய் வந்தது.

"அக்கிதான்" என்றார் மாமியார். அக்கி வந்தால் வேளாரிடம் (மண்பாண்டம் செய்பவர்) போய்ப் புண்ணின் மேல் காவியால் சிங்க உருவம் எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம். "புண்ணு எங்கேம்மா இருக்கு?" என்று வேளார் கேட்டபோது வெட்கப்பட்டு இடுப்பைக் காட்டிவிட்டேன். பாவம், அவரும் சிரத்தையாக அங்கே ஒரு சிங்கம் எழுதினார்.

பத்து நாளில் புண் ஆறியது. வேளாரின் கைராசி என்று தெருவே பேசியது. புண் இருந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காய்ச்சலோடு அதே இடத்தில் மறுபடி வந்தது. இம்முறை மாமியாரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"இது மேகநோய் (உறவால் தொற்றும் நோய்). எம்மவன் அஞ்சு வருசம் ஊருல இல்ல. நீ ஒங்கம்மா வூட்டுக்குப் போயிடு."

வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போறேன். மொதல்ல நீங்க எங்கூட திருச்சி டாக்டரம்மாகிட்ட வாங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் அரியலூர், அங்கிருந்து ரயிலில் திருச்சி. இரத்தச் சோதனையில் சிபிலிஸ் என்ற மேகநோய் இல்லை என்று தெரிந்தது.

"இது ஹெர்பிஸ். வைரஸால (கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமி) வருது. இதுவும் உறவுல தொத்தும்" என்றார் டாக்டரம்மா. "புண் ஆறினாலும் கிருமி நரம்புல தூங்கும். காய்ச்சல், அலுப்புன்னா எந்திரிக்கும். ஒழிக்க மருந்து இல்ல. ஒங்க உயிருக்குப் பயமும் இல்ல. புண் இருக்கறப்ப ரெண்டு பேரும் சேராதீங்க." பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கு இப்படி வந்திருக்கா?"

"பர்மாவுல ரெண்டு தடவ வந்துச்சுங்க" என்றார் தரையைப் பார்த்தபடி.

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. திரும்பும் ரயிலில் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "ஒங்கம்மாகிட்ட இத நீங்கதான் சொல்லணும்."

வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னார். "எங்கிட்டேருந்துதாம்மா அவளுக்கு வந்துச்சு. அவ எங்கயும் போவ மாட்டா." மாமியார் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு முதலில் சோறு போட்டார். அன்று நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போதும் வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறது. ஊறல் எடுத்ததுமே தெரிந்துவிடும். பாயைத் தனியாக விரித்துவிடுவேன். பத்து நாள் வலி இப்போது எனக்குப் பத்து நாள் வலி மட்டும்தான், பயம் இல்லை. இதே எரிச்சலோடு இதைப் படிக்கும் தங்கையே, டாக்டரிடம் சரியான இடத்தைக் காட்டு.

கிருமி என் நரம்புக்குள் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். நான் என் வீட்டில் இருக்கிறேன்.