பாண்டிராஜ் கட்டிய பொட்டலங்கள்

செல்லூரில் விசைத்தறிச் சாமான் விற்கும் பாண்டிராஜ் எதையும் தானாக முடிவெடுத்ததில்லை. எல்லாம் சாமி சொன்னதுதான். கடையை மாற்றியது, மச்சினனோடு பேச்சை முறித்தது, எல்லாவற்றுக்கும் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ; சாமி காலடியில் போட்டு எடுக்கையில் வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரு தடவைகூட அவருக்குச் சிவப்பு வந்ததில்லை. அப்படி ஒரு பக்திமான்!

மகள் பவதாரிணி பத்தாவது முடித்ததும் அவருக்கு மறுபடி சாமி தேவைப்பட்டது. பசுமலையில் அவள் சேரவிருந்த பள்ளியில், கலைப் பிரிவில் பொருளியலோ வரலாறோ ஒன்றைத்தான் எடுக்கலாம். கீழக்குயில்குடி மலையில் வெட்டிவைத்த பழைய எழுத்தைத் தானே படித்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறி. அதனால் வரலாறுதான் வேண்டும். அப்பாவுக்கோ எக்கனாமிக்ஸ் என்றால் பேங்க் மேனேஜர். டிவியில் பட்ஜெட் வந்தாலே சேனலை மாற்றுகிற மனுஷன்!

"செத்துப்போன ராசாவப் படிச்சா எவன் சோறு போடுவான்? சாமிகிட்டயே கேட்ருவோம்," என்றார்.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் காலையில் குலசாமி கோயிலில் சொந்தக்காரர்கள் கூடினார்கள். வெள்ளை வந்தால் பொருளியல், சிவப்பு வந்தால் வரலாறு. பொட்டலங்களை வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தார் பாண்டிராஜ். பவதாரிணி கையில் விண்ணப்பமும் பேனாவும். பூசாரி பேயாண்டி கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை. அத்தை மலையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அங்கே யாரும் செய்யாத காரியத்தைப் பவதாரிணி செய்தாள். சாமி காலடியில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். அதிலும் நந்தியாவட்டை.

பாண்டிராஜுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே! "பாத்தியாத்தா, ரெண்டுலயும் ஒண்ணத்தான் சொல்லுது. சாமி அம்புட்டு உறுதியா இருக்கு!" என்றார். அத்தை மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்மா முனீஸ்வரி மட்டும் இரண்டு பொட்டலங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே சாமி முன்னால்தான் அவள் கல்யாணத்துக்கும் பூக்கட்டிப் போட்டார்கள்.

"அன்னைக்கும் நீங்கதான கட்டிக்கிட்டு வந்தீக?" என்று புருஷனைக் கேட்டாள்.

பாண்டிராஜ் கோயில் மணியைப் பார்த்தார்.

முனீஸ்வரி மகளிடம் கையை நீட்டினாள். "விண்ணப்பத்துல வரலாறுன்னு எழுதிட்டுப் பேனாவக் குடு, பெத்தவுக கையெழுத்த நான் போடுறேன்."

போட்டாள். போட்டுவிட்டுச் சொன்னாள்: "அன்னைக்கு எனக்கு அந்த இன்னொரு பொட்டலத்தப் பிரிக்கணும்னு தோணலையேடி."