டோரிஸ் ஆன்ட்டிக்கு வந்த வெள்ளி நாணயம்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு மால்டாவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. எனக்கல்ல. பக்கத்து வீட்டு டோரிஸ் ஆன்ட்டிக்கு. அவர் மருத்துவமனையில் இருந்ததால் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்.

பக்கவாதம். கை, கால் தப்பித்துவிட்டது. பேச்சுதான் போய்விட்டது.

ஆன்ட்டி என் மகள் ஹனியாவின் பியானோ டீச்சர். மால்டாவில் பிறந்து, கல்யாணமாகி டெக்சஸுக்கு வந்தவர். முதல் வகுப்பில் தாளத்துக்காகத் தன் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ணியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மதரஸாவில் நான் படித்த அரபி எண்கள் மாதிரியே இருந்தன! அன்று ஆரம்பித்தது எங்கள் பேச்சு. பேச்சு என்றால்... அவர் பேசுவார், நான் கேட்பேன்.

அதில் அடிக்கடி வருகிறவர் ஓர் இசையமைப்பாளர். மால்டாக்காரர். ஒரு காலத்தில் ஐரோப்பிய மேடைகளில் அவருடைய ஆபராக்கள் – பாட்டாலேயே கதை சொல்கிற நாடகங்கள் – கொடிகட்டிப் பறந்தனவாம். இன்றைக்கு யாருக்கும் அவரைத் தெரியவில்லை என்பது ஆன்ட்டியின் தீராத ஆதங்கம். அவர் நினைவாக மால்டா ஒரு வெள்ளி நாணயம் வெளியிடுகிறது என்று தெரிந்ததுமே ஆர்டர் பண்ணிவிட்டார். நாணயம் வருவதற்குள் பக்கவாதம் முந்திக்கொண்டது.

மருத்துவமனையில் எதைக் கேட்டாலும் ஒரே பதில். "நோ." தண்ணீர் வேண்டுமா? நோ. வேண்டாமா? அதற்கும் நோ. சொல்லிவிட்டு, தான் சொன்னது அதுவல்ல என்று தெரிந்து, கையால் படுக்கையை அடித்துக்கொள்வார். ஹனியா அடுத்த தடவை வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

கணவர் இல்லை. பிள்ளைகள் இல்லை. ஆபத்து என்றால் போனில் ஒரு வார்த்தை சொல்ல முடியாதவரை எப்படித் தனியாக வீட்டுக்கு அனுப்புவது? மருத்துவமனைக்காரர்கள் முதியோர் இல்லத்தில் இடம் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

பார்சலைக் கொண்டுபோக எனக்குத் தயக்கம். இதைப் பார்த்து இன்னும் உடைந்துபோனால்? என் கணவர்தான் சொன்னார்: "அவங்க இதுக்காக எவ்ளோ நாளா வெயிட் பண்ணாங்க. கொண்டுபோய்க் குடுத்துடு. அழுதா அழட்டுமே."

ஹனியாவையும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணும் அறையில் இருந்தார். பெட்டிக்குள் வட்டமான பிளாஸ்டிக் டப்பி, அதற்குள் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் நாணயம். ஜன்னல் வெளிச்சம் பிளாஸ்டிக்கில் பட்டுக் கூசியது. ஆன்ட்டி கண்ணைச் சுருக்கினார். சரியாகத் தெரியவில்லை போல...

மூடியைத் திறந்தேன். நாணயத்தை எடுத்தேன். கட்டைவிரல் ரேகை அதில் இருந்த இசையமைப்பாளரின் கன்னத்தில்.

"நோ," என்றார் ஆன்ட்டி.

வழக்கமான நோதானே? இன்னும் பக்கத்தில் நீட்டினேன்.

"நோ... நோ..." முகம் சிவந்தது. உதடு எதையோ தேடியது. பிறகு, தெளிவாக, பியானோ வகுப்பின் அதே அதட்டலோடு:

"நாட் த ஃபேஸ். ஹோல்ட் தி எட்ஜ்."

முகத்தைத் தொடாதே, ஓரத்தைப் பிடி!

ஹனியாதான் மெதுவாகச் சொன்னாள்: "ம்மா, ஷீ செட் எ ஹோல் சென்டன்ஸ்."

ஆன்ட்டி தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார். நான் அழுதேன். நாணயத்தை ஓரமாகப் பிடித்துக்கொண்டுதான்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. இன்னமும் சாவியைக் கரண்டி என்கிறார். ஆனால் அன்று திறந்த வாய் மூடவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முதியோர் இல்லப் பேச்சு அடங்கிப்போனது. போன ஞாயிற்றுக்கிழமை நாங்களே காரில் அழைத்துவந்து வீட்டில் விட்டோம். வழி முழுக்க என் டிரைவிங்கைக் குறை சொன்னார். வீட்டு வாசலில் இறங்கியபோதுதான், இத்தனை நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது.

உங்கள் வீட்டிலும் எதற்கெடுத்தாலும் குறை சொல்கிற ஒருவர் இருப்பாரே? சொல்லட்டும், விடுங்கள்... அந்தச் சத்தம் நின்றுபோன வீட்டில் நான் கொஞ்ச நாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.